ஜான் லார்டைப் பாடமாக எடுத்துக்கொள்வது எப்படி: ராக் கீபோர்டு வாசிப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராக் குழுவில் கீபோர்டு வாசிக்க வருகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது கிட்டாரோடுதான். அது சத்தமாக இருக்கும். நடு ஸ்தாயி முழுவதையும் அடைத்துக்கொள்ளும். கூட்டத்தின் கண்ணும் அதன் மேலேயே இருக்கும். கீபோர்டுக்காரர் பின்னால் நின்று கார்டு (பல சுரங்களைச் சேர்த்து அழுத்துவது) பிடித்துக்கொண்டிருப்பார். கச்சேரி முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அவர் என்ன வாசித்தார் என்றே நினைவிருக்காது.

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்துத் தீர்த்தவர் இங்கிலாந்தின் ஜான் லார்ட். டீப் பர்ப்பிள் குழுவில் 1968 முதல் 1976 வரையும், பிறகு 1984 முதல் 2002 வரையும் ஹாமண்ட் ஆர்கன் வாசித்தவர். இடையில் வைட்ஸ்நேக் குழுவில் ஆறு வருடம். இவற்றுக்கு நடுவே ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு ராக் கீபோர்டு கலைஞரின் வாழ்க்கை எப்படித் தொடங்குகிறது, எங்கே உச்சிக்குப் போகிறது, எங்கே சுருங்குகிறது, எப்போது விலக வேண்டும் என்பதெல்லாம் இவரிடம் முழுதாகக் கிடைக்கிறது. அதனால்தான் யாராவது ராக் கீபோர்டு கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டால் முதலில் இவர் பெயரைத்தான் சொல்கிறேன்.

உங்களுக்கு வேண்டியது 61 கட்டை உள்ள ஏதாவது ஒரு கீபோர்டு, அதில் ஒரு ஆர்கன் ஒலி, ஒரு நல்ல ஹெட்போன். படிக்கு ஒரு வாரம் ஒதுக்கினால் போதும். நான்காம் படிக்கு மட்டும் இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: கருவியைப் புரிந்துகொள்ளுங்கள்

ஹாமண்டைப் புரிந்துகொள்ளாமல் லார்டைக் கேட்டால் பாதிதான் காதில் விழும். ஆகவே அவசரப்படாதீர்கள்.

லாரன்ஸ் ஹாமண்ட் 1935இல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவி இது. தேவாலயங்களில் இருக்கும் குழாய் ஆர்கனை வாங்க முடியாதவர்களுக்கு ஒரு மலிவான மாற்றாக வந்தது. உள்ளே ஒரு மோட்டார் நீளமான தண்டைச் சுழற்றும். அதோடு விளிம்பில் பற்கள் உள்ள 91 சிறிய சக்கரங்கள் சுற்றும். ஒவ்வொரு சக்கரத்தின் முன்னாலும் ஒரு காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச்சுருளும் இருக்கும். பற்கள் கடந்து போகப் போக அந்தச் சுருளில் மின்சாரம் ஏறி இறங்கும். எத்தனை வேகமாக ஏறி இறங்குகிறதோ அதுதான் சுரம்.

அதனால் இதைப் போட்டவுடன் வாசிக்க முடியாது. பழைய ஹாமண்டுகளில் இரண்டு சுவிட்சுகள் உண்டு. முதலில் 'ஸ்டார்ட்' சுவிட்சைச் சில நொடிகள் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே தண்டு சுழன்று வேகம் எடுக்கும் சத்தம் கேட்கும். அதை விடாமலே 'ரன்' சுவிட்சையும் போட்டு, இன்னும் சில நொடி இரண்டையும் சேர்த்து வைத்திருந்து, பிறகு ஸ்டார்ட்டை மட்டும் விட வேண்டும். மோட்டார் ஓடும் வேகம் நேராக மின்சாரத்தின் ஹெர்ட்ஸைச் சார்ந்தது. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த கருவியை 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் அப்படியே ஓட்டினால் சுருதி ஏறக்குறைய மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும். உலகம் சுற்றும் குழுக்களுக்கு இது சாதாரணத் தொல்லை இல்லை. எடை வேறு இருக்கிறது: பெஞ்சும் கால்பெடலும் சேர்த்தால் 190 கிலோவைத் தொடும்.

கட்டைகள் இரண்டு அடுக்கு, ஒவ்வொன்றிலும் 61. காலுக்கு 25 பெடல். லார்ட் வாசித்தது சி3 என்ற மாடல். எல்லோரும் பெயர் சொல்லும் பி3யும் இதுவும் உள்ளே ஒன்றுதான். வாசிப்பவரின் கால் தெரியாதபடி சுற்றி மரப்பலகை அடைத்த தேவாலயப் பெட்டி சி3.

இதன் மேலே இழுத்துத் தள்ளும் டிராபார்கள் இருக்கும், ஒன்பது ஒன்பதாக. ஒவ்வொரு டிராபாரும் அழுத்திய சுரத்தோடு ஒரு மேல்சுரத்தையோ கீழ்ச்சுரத்தையோ சேர்க்கும். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு கலப்பு. முதல் மூன்றை முழுவதும் இழுத்து மற்ற ஆறையும் உள்ளே தள்ளிவிட்டால் ஜாஸ் ஆர்கனின் அந்தக் கொழுத்த ஒலி வரும். ஜாஸ் ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித் வாசித்த ஒலி அதுதான். லார்ட் ஹாமண்டில் விழுந்ததற்கு ஜிம்மி ஸ்மித்தும் ஒரு காரணம்.

இப்போது உங்கள் கீபோர்டுக்கு வாருங்கள். செட்டிங்கில் 'டச்' என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். ஹாமண்டில் கட்டையை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஒரே அளவு சத்தம்தான். சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வலது காலில் உள்ள பெடல்தான். சஸ்டெயின் பெடலையும் கழற்றி வையுங்கள். ஹாமண்டில் அது கிடையாது. விரலை எடுத்தால் சுரம் அங்கேயே நின்றுவிடும். ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு இடைவெளி இல்லாமல் போக வேண்டுமென்றால் அழுத்திய கட்டையிலேயே ஒரு விரலுக்குப் பதில் இன்னொரு விரலை நழுவவிட்டு, முதல் விரலை விடுவித்துக்கொள்ள வேண்டும். பியானோவில் பழகியவர்களுக்கு முதல் வாரம் இதிலேயே போய்விடும். போகட்டும். லார்டின் வாசிப்பில் இருக்கும் அந்த ஒட்டிய ஓட்டம் முழுக்க இந்த விரல் மாற்றத்திலிருந்துதான் வருகிறது.

'பர்கஷன்' என்ற வசதியையும் தேடிப் பாருங்கள். சுரத்தின் தொடக்கத்தில் 'டக்' என்று ஒரு மேல்சுரத்தைச் சேர்த்து உடனே மறைய வைக்கும். ஹாமண்டில் முன்பு அழுத்திய எல்லா விரலையும் எடுத்த பிறகுதான் அது மறுபடி வரும். ஆகவே எந்தச் சுரத்தில் 'டக்' வேண்டும், எதில் வேண்டாம் என்பதை விரலை எடுப்பதும் ஒட்டுவதுமாக வாசிப்பவரே தீர்மானிக்கலாம்.

கடைசியாக லெஸ்லி ஸ்பீக்கர். மேலே ஒரு கொம்பும் கீழே ஒரு உருளையும் சுழல, ஒலி நெருங்கி விலகி நடுங்கும். மெதுவாகச் சுற்ற ஒரு நிலை, வேகமாகச் சுற்ற ஒரு நிலை. ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அந்த ஒன்றிரண்டு நொடியில்தான் ஆர்கன் மூச்சு விடுவது போலக் கேட்கும். உங்கள் கீபோர்டில் 'ரோட்டரி' என்று ஒரு பொத்தான் இருந்தால் அது இதன் போலி.

இரண்டாம் படி: 1968க்கு முன்னால் என்ன நடந்தது

லார்ட் 1941 ஜூன் 9 அன்று லெஸ்டர் நகரில் பிறந்தார். சிறு வயதிலிருந்தே முறையாகப் பியானோ கற்றார். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசை அவருக்குள் அப்போதே இறங்கிவிட்டது. ஆனால் லண்டனுக்குப் போனது இசைக்காக இல்லை, நடிப்பு படிக்க. நாடகப் பள்ளியில் படித்துக்கொண்டே செலவுக்கு மதுக்கடைகளிலும் கிளப்புகளிலும் ஜாஸும் ப்ளூஸும் வாசித்தார். 1964இல் ஆர்ட்வுட்ஸ் குழுவில் சேர்ந்தார். அதன் பாடகர் ஆர்ட் வுட், பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸில் சேர்ந்த ரானி வுட்டின் அண்ணன்.

ஆர்ட்வுட்ஸ் பெரிதாக வெற்றி பெறவில்லை. ஆனால் 1966இல் வந்த அவர்களுடைய 'ஆர்ட் கேலரி' ஆல்பத்தைக் கட்டாயம் கேளுங்கள். அதில் லார்ட் ஒரு கிளப் ஆர்கனிஸ்ட். பாடகருக்கு இடம் விட்டு, வரிகளுக்கு நடுவே குட்டிக் குட்டியாகப் பதில் சொல்லி, சோலோ (தனியாக வாசிக்கும் இடம்) வந்தால் மட்டும் முன்னால் வருகிறார். பின்னாளில் கூரையைப் பெயர்த்த அதே ஆள்தான் இங்கே இவ்வளவு அடக்கமாக வாசிக்கிறார். நான்கு வருடம் இரவு இரவாகச் சிறு கூட்டத்துக்கு வாசித்த அனுபவம் பின்னால் எங்கெங்கே கைகொடுக்கிறது என்று கவனித்துக்கொண்டே வாருங்கள்.

மூன்றாம் படி: முதல் டீப் பர்ப்பிளும் 1969 செப்டம்பர் 24ம்

1968இல் டீப் பர்ப்பிள் உருவானது. கிட்டாரில் ரிச்சி பிளாக்மோர், டிரம்ஸில் இயன் பேய்ஸ். முதல் மூன்று ஆல்பங்களில் குழு எங்கே போவது என்று தேடிக்கொண்டிருந்தது. அந்தத் தேடலில் பெரும்பாலும் வழிகாட்டியது லார்டின் கைதான். 'ஹஷ்' பாட்டின் ஆர்கன் சோலோவை முதலில் கேளுங்கள். அமெரிக்காவில் நான்காம் இடம் வரை போன பாட்டு. அப்புறம் 1969 ஆல்பத்தில் உள்ள 'ஏப்ரல்'. அதன் நடுப்பகுதியை லார்ட் ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதியிருக்கிறார். அடுத்து வரப்போவதற்கு ஒத்திகை அது.

1969இல் பாடகர் இயன் கில்லனும் பாஸ் வாசிக்கும் ரோஜர் க்ளோவரும் சேர்ந்தார்கள். சில மாதங்களிலேயே, செப்டம்பர் 24 அன்று, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராக் குழுவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் 'கன்செர்ட்டோ ஃபார் குரூப் அண்ட் ஆர்கெஸ்ட்ரா' என்ற படைப்பு அரங்கேறியது. எழுதியவர் லார்ட், வயது 28. வாசித்தது ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ரா, நடத்தியவர் மால்கம் ஆர்னல்ட். ராக் குழுவோடு வாசிப்பதை இளக்காரமாகப் பார்த்தவர்கள் ஆர்கெஸ்ட்ராவுக்குள்ளேயே இருந்தார்கள். ஆர்னல்ட்தான் லார்டின் பக்கம் நின்று காரியத்தை நடத்திக்கொடுத்தார்.

இந்தப் படைப்பு முழுமையானதா என்றால் இல்லை என்பதுதான் என் கருத்து. முதல் பகுதியில் குழுவும் ஆர்கெஸ்ட்ராவும் எதிரெதிராக நிற்கின்றன, மாறி மாறிப் பேசுகின்றன, ஒன்றாகக் கலப்பது குறைவு. ஆனால் நம் பாடத்துக்கு அதுதான் வசதி. ஆர்கன் இரண்டு பக்கத்துக்கும் சொந்தமாக இருப்பதைக் கேளுங்கள். மரபிசையிலிருந்து வந்த கருவியும் அதுதான், ராக் குழுவில் இருப்பதும் அதுதான். இரண்டு பக்கமும் பாலம் போடக்கூடிய ஒரே ஆள் கீபோர்டுக்காரர் என்பதை லார்ட் 28 வயதிலேயே கண்டுகொண்டார்.

அதன் விளைவையும் பார்க்க வேண்டும். பத்திரிகைகள் லார்டைக் குழுவின் தலைவராகக் காட்டத் தொடங்கின. குழுவின் பெயர் ஆர்கெஸ்ட்ராவோடு ஒட்டிக்கொண்டது. பிளாக்மோருக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த ஆல்பம் முழுக்க ராக்காக இருக்க வேண்டும் என்று உறுதியாக நின்றார். லார்ட் ஒத்துக்கொண்டார். தான் விரும்பியதைத் தள்ளி வைத்துவிட்டுக் குழுவின் திசையில் முழு மனதோடு இறங்கியது அவர் வாழ்க்கையிலேயே மிகச் சரியான முடிவு என்று நினைக்கிறேன். ஆர்கெஸ்ட்ரா ஆசையை அவர் விடவில்லை. தனி வேலையாக வைத்துக்கொண்டார்.

நான்காம் படி: 1970 முதல் 1972 வரை

இதுதான் பாடத்தின் இதயம்.

'இன் ராக்' ஆல்பம் 1970இல் வந்தது. அதற்குள் லார்ட் ஹாமண்டின் ஒலியை மார்ஷல் ஆம்ப் வழியாக அனுப்பத் தொடங்கியிருந்தார். மார்ஷல் கிட்டாருக்காகச் செய்த ஆம்ப், அதாவது ஒலியைப் பெருக்கும் பெட்டி. பிளாக்மோரின் சத்தத்துக்கு லெஸ்லியால் ஈடுகொடுக்க முடியவில்லை. மார்ஷலில் போட்டபோது சத்தம் மட்டும் கூடவில்லை, ஆர்கனின் குரலே மாறியது. உறுமியது. கண்ணை மூடிக் கேட்டால் கிட்டாரா ஆர்கனா என்று சட்டென்று சொல்ல முடியாது.

இதை நீங்களே செய்து பார்க்க வேண்டும். உங்கள் கீபோர்டில் அல்லது கணினியில் ஆர்கன் ஒலிக்கு டிஸ்டார்ஷன் (ஒலியைச் சிதைத்து உறும வைப்பது) சேர்த்துக்கொள்ளுங்கள். கணினிக்கு செட்பிஃப்ரீ என்ற ஹாமண்ட் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. இப்போது ஒரு முழு மேஜர் கார்டை, மூன்று சுரத்தையும் சேர்த்து அழுத்துங்கள். குழம்பி இரையும். அடுத்து ஸ, ப இரண்டை மட்டும் அழுத்துங்கள். தெளிவாக, கனமாக வரும். டிஸ்டார்ஷன் என்பது அழுத்திய சுரங்களின் கூட்டலையும் வித்தியாசத்தையும் புதிய சுரங்களாகச் சேர்த்துவிடும். எளிய விகிதத்தில் உள்ள இரண்டு சுரங்களுக்கு அந்தப் புதிய சுரங்கள் பொருந்திப் போகும், மூன்றாவதாகக் காந்தாரம் வந்தால் பொருந்தாமல் மோதும். கிட்டார்காரர்கள் பவர் கார்டு வாசிப்பதற்கு இதுதான் காரணம். லார்டும் உறுமும் ஒலியில் கையைச் சுருக்கிக்கொள்வதைக் கேட்கலாம்.

அடுத்து 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' ரிஃப், அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சிறு சுரத்தொடர். உலகத்தில் கிட்டார் வாங்குகிற எல்லோரும் முதல் நாளே வாசித்துப் பார்ப்பது. ஜி சுரத்தை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் ஸ, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம். பிறகு ஸ, அதே காந்தாரம், பிரதி மத்யமம், சுத்த மத்யமம். மூன்றாவதாக முதல் வரியே வந்து காந்தாரம் தொட்டு ஸ-வில் இறங்கும். பிளாக்மோர் ஒவ்வொரு சுரத்தோடும் நாலாவது கீழ்ச்சுரத்தைச் சேர்த்து வாசிக்கிறார்: ஸ-வுக்குக் கீழே மந்த்ர ப, காந்தாரத்துக்குக் கீழே கைசிகி நிஷாதம், மத்யமத்துக்குக் கீழே ஸ. நீங்களும் இடது கையில் அப்படியே இரட்டையாக வாசியுங்கள். பிறகு ரெக்கார்டைக் கேளுங்கள். முதலில் கிட்டார் தனியாக வரும். அப்புறம் ஹை-ஹாட்டும் (டிரம்ஸின் ஜோடித் தாளத்தட்டு) ஆர்கனும் சேரும். பிறகு டிரம்ஸ், பாஸ். ஆர்கன் எப்போது சேர்ந்தது என்று பலருக்குத் தெரிவதே இல்லை. ரிஃப் திடீரென்று இரண்டு மடங்கு கனமானது மட்டும் தெரியும். அந்தக் கனம் லார்ட்.

பாட்டின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 1971 டிசம்பர் 4, சுவிட்சர்லாந்தின் மொன்த்ரோ, ஃப்ராங்க் ஸாப்பா கச்சேரியின்போது கசீனோ தீப்பற்றி எரிந்தது. அங்கே பதிவு செய்ய வந்த டீப் பர்ப்பிள், குளிர்காலத்துக்காக மூடியிருந்த ஒரு ஹோட்டலின் நடைபாதைகளில் கருவிகளைப் பரப்பி, ரோலிங் ஸ்டோன்ஸிடமிருந்து வாடகைக்கு எடுத்த ரெக்கார்டிங் வண்டியை வாசலில் நிறுத்தி 'மெஷின் ஹெட்' ஆல்பத்தை முடித்தது.

அதே ஆல்பத்தில் 'ஹைவே ஸ்டார்'. இதில் இரண்டு சோலோ உண்டு. ஆர்கன் முதலில், கிட்டார் பிறகு. ஆர்கன் சோலோவை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். ஒரு சிறு சுரக்கோவையை எடுத்து, அதையே ஒவ்வொரு படியாக நகர்த்திக்கொண்டு போவது பாக் காலத்து உத்தி. லார்ட் அதை ப்ளூஸ் அழுகையோடு கலந்து, வண்டி ஓடும் வேகத்தில் வைக்கிறார். அந்தச் சோலோவில் முதல் எட்டு பாரை (தாளச் சுற்றை) மட்டும் பாதி வேகத்தில் கேட்டு வாசித்துப் பழகுங்கள். முழுவதும் வர வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். எட்டு பார் சுத்தமாக வந்தால் மீதி எப்படிக் கட்டப்பட்டது என்று கைக்கே புரிந்துவிடும்.

'சைல்ட் இன் டைம்' இன்னொரு பக்கம். பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் பாட்டு. தொடக்கத்தின் அந்த மெல்லிய ஆர்கன் வரி, இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே என்ற அமெரிக்கக் குழுவின் 'பாம்பே காலிங்' இசையிலிருந்து வந்தது. ஒத்திகையில் லார்ட் அதை விளையாட்டாக வாசிக்க, குழு அதை மெதுவாக்கித் தன் வழியில் கொண்டுபோனது. கால்பெடலால் ஒரு பாட்டை ஏற்றுவது எப்படி என்று இங்கே படியுங்கள். விரல்கள் செய்வது கிட்டத்தட்ட ஒன்றேதான். கால்தான் உங்களை மேலே தூக்கிக்கொண்டு போகிறது.

இந்த மூன்றையும் முடித்த பிறகுதான் 'மேட் இன் ஜப்பான்' ஆல்பத்தைத் தொட வேண்டும். 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகாவிலும் 17இல் டோக்கியோவிலும் பதிவானது. 'லேஸி' பாட்டின் முன்னால் லார்ட் தனியாக ஆர்கனைப் பாடாய்ப் படுத்தும் பகுதி இருக்கிறது. கட்டையில் கை வைத்து இழுக்கிறார், கருவியை முனக வைக்கிறார், பிறகு ஒன்றுமே நடக்காதது போல சுத்தமான ஜாஸ் வரிக்குத் திரும்புகிறார். ஸ்டுடியோவில் நாலரை நிமிடமே இருந்த 'ஸ்பேஸ் ட்ரக்கின்' இங்கே இருபது நிமிடத்தைத் தொடுகிறது. பிளாக்மோர் எப்போது திரும்புவார், பேய்ஸ் எப்போது அடிப்பார் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு வாசித்தால்தான் இவ்வளவு நேரம் நிற்க முடியும். ஐந்து பேரும் கேட்டுக்கொண்டிருப்பது ரெக்கார்டிலேயே கேட்கிறது.

ஐந்தாம் படி: பெயரும் பணமும்

இசையோடு மட்டும் நின்றுவிட்டால் வாழ்க்கைப் பாடம் பாதியாகிவிடும். 1970களின் தொடக்கத்தில் வந்த அந்த ஆல்பங்களில் பாட்டுகளை எழுதியவர்கள் என்று ஐந்து பேரின் பெயரும் போட்டிருக்கும். ரிஃப் யாருடையது, வரி யாருடையது என்று பிரிக்காமல் எல்லோருக்கும் சமம். டிரம்ஸ்காரருக்கும் ஆர்கன்காரருக்கும் இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. ஏனென்றால் பாட்டின் எலும்பைத் தருகிறவர்கள் பெரும்பாலும் கிட்டார்காரரும் பாடகரும்தான். சதையைத் தருகிறவர்களின் பெயர் எழுதப்படாமல் போவது வழக்கம்.

1984இல் இதே ஐந்து பேர் மறுபடி சேர்ந்து 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' ஆல்பம் போட்டபோது பெரும்பாலான பாட்டுகளில் பிளாக்மோர், கில்லன், க்ளோவர் மூவர் பெயர் மட்டுமே இருந்தது. இத்தனைக்கும் அதன் தலைப்புப் பாட்டு தொடங்குவதே லார்டின் ஆர்கனில்தான். அந்த முகப்பு இல்லாமல் அந்தப் பாட்டை யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. நீங்கள் ஒரு குழுவில் சேரும்போது, முதல் பாட்டு பதிவாவதற்கு முன்பே யார் பெயர் போகும், பங்கு எப்படி என்று உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளுங்கள். நண்பர்களாக இருக்கும்போது பேசினால்தான் நண்பர்களாகவே இருக்க முடியும்.

ஆறாம் படி: குழு மாறும்போது

1973இல் கில்லனும் க்ளோவரும் விலக, டேவிட் கவர்டேலும் க்ளென் ஹ்யூஸும் வந்தார்கள். அந்தச் சமயத்தில் லார்டின் பழைய சி3 உழைத்து ஓய்ந்துவிட, ஃப்ளீட்வுட் மாக் குழுவின் கிறிஸ்டின் மெக்வீயிடமிருந்து இன்னொன்றை வாங்கினார். 1974இல் வந்த 'பர்ன்' ஆல்பத்தில் சிந்தசைஸர்களும் நுழைகின்றன. தலைப்புப் பாட்டின் ஆர்கன் சோலோ ஒன்றே போதும். பாக் இன்னும் அங்கேயேதான் இருக்கிறார். 1976 மார்ச்சில் குழு கலைந்தது.

அடுத்து பேய்ஸோடும் டோனி ஆஷ்டனோடும் சேர்ந்து போட்ட ஆல்பம் எடுபடவில்லை. 1978இல் கவர்டேலின் வைட்ஸ்நேக் குழுவில் சேர்ந்தார். அங்கே இரண்டு கிட்டார்கள். பாட்டுகள் பாடகரைச் சுற்றியே. நீளமான சோலோவுக்கு இடமில்லை. முன்னணியில் இருந்தவர் பின்னால் நிற்கப் பழக வேண்டியிருந்தது. ஆர்ட்வுட்ஸ் காலத்து அடக்கம் இங்கேதான் திரும்பி வருகிறது. 1982இல் வந்த 'ஹியர் ஐ கோ அகெய்ன்' பாட்டின் முதல் பதிவைக் கேளுங்கள். தொடக்கத்தில் ஆர்கனும் குரலும் மட்டும். பிறகு அதே பாட்டின் 1987 பதிவைக் கேளுங்கள்; லார்ட் அப்போது குழுவில் இல்லை. இரண்டாவது பதிவுதான் உலகம் முழுக்க ஓடியது. ஆனால் முதல் பதிவின் ஆர்கனில் ஒரு தேவாலய அமைதி இருக்கிறது, இரண்டாவதில் அதைக் காணோம்.

ஏழாம் படி: ஒதுக்கி வைத்ததை மறக்காதிருப்பது

குழு வேலை எவ்வளவு இருந்தாலும் லார்ட் தனக்காக எழுதுவதை நிறுத்தவில்லை. 'ஜெமினி ஸ்வீட்' 1971 ஆல்பத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பகுதி. 1976இல் வந்த 'சாரபாண்ட்' பாக் காலத்துப் பழைய பரோக் நடன வடிவங்களை வரிசையாக எடுத்துக்கொண்டு ஆர்கெஸ்ட்ராவையும் ராக் குழுவையும் சேர்க்கிறது. 1969இல் எதிரெதிராக நின்றவை இதில் ஒன்றாக மூச்சு விடுகின்றன. பின்னால் போலீஸ் குழுவில் புகழ்பெற்ற ஆண்டி சம்மர்ஸ் இதில் கிட்டார் வாசித்திருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. லார்டின் ஆர்கெஸ்ட்ரா படைப்புகளில் ஒன்றே ஒன்று கேட்க நேரமிருந்தால் இதைத்தான் கேட்கச் சொல்வேன்.

1969 கன்செர்ட்டோவின் இசைக்குறிப்பு 1970இல் தொலைந்து போனது. அதன்பின் கிட்டத்தட்ட முப்பது வருடம் யாராலும் அதை வாசிக்க முடியவில்லை. நெதர்லாந்தின் இசையமைப்பாளர் மார்க்கோ டி ஹோய் பழைய பதிவுகளைக் கேட்டும் காணொளியைப் பார்த்தும் ஒவ்வொரு கருவியின் வரியையும் மறுபடி எழுதினார். லார்ட் அதைத் திருத்தி முடித்தார். 1999 செப்டம்பரில் அதே ராயல் ஆல்பர்ட் ஹாலில் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு அது மறுபடி ஒலித்தது. எழுதியதைப் பத்திரமாக வைத்திருங்கள், இரண்டு பிரதியாக.

எட்டாம் படி: எப்போது விலகுவது

1984க்குப் பிறகான டீப் பர்ப்பிளைச் சீக்கிரம் கடந்துவிடலாம். 1993இல் பிளாக்மோர் விலகினார். அடுத்த வருடம் ஸ்டீவ் மோர்ஸ் வந்தார். 1995இல் இந்தியாவுக்கு வந்தபோது பம்பாயில் வாசித்த கச்சேரியின் பதிவு பல வருடங்கள் கழித்து 'பாம்பே காலிங்' என்ற பெயரிலேயே வெளிவந்தது. புதுக் கிட்டார்காரரோடு லார்ட் எப்படிப் பேசிப் பழகுகிறார் என்று அதில் பார்க்கலாம். மோர்ஸின் சுரங்கள் வழவழப்பானவை. பிளாக்மோரோடு மல்லுக்கு நின்றது போல நிற்க வேண்டிய அவசியம் இல்லை. லார்டின் கையும் இளகுகிறது. 1996இன் 'பர்பென்டிகுலர்' ஆல்பம் அந்த நல்ல உறவின் பலன்.

2001இல் முழங்கால் காயத்தால் சில கச்சேரிகளுக்குப் போக முடியாமல், டான் ஏரி அவர் இடத்தில் வாசித்தார். 2002இல் லார்ட் முழுவதுமாக விலகினார். சண்டை இல்லை, வழக்கு இல்லை. எழுத நேரம் வேண்டும் என்பதுதான் காரணம். 61 வயதில், கூட்டம் குறையாத குழுவை விட்டுப் போவது எளிதில்லை. போன பிறகு வந்த பத்து வருடமும் வீணாகவில்லை. டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் 175ஆம் ஆண்டுக்காக எழுதிய 'டர்ஹாம் கன்செர்ட்டோ' 2007இல் டர்ஹாம் தேவாலயத்தில் அரங்கேறியது; நார்தம்பிரியன் பைப் என்ற துருத்திக் குழலும் ஹாமண்டும் ஒரே மேடையில். எழுத்தாளர் ஜான் மார்ட்டிமர் நினைவாக எழுதிய 'டு நோட்டிஸ் சச் திங்ஸ்' 2010இல் வந்தது. புல்லாங்குழல், பியானோ, தந்திக்கருவிகள் மட்டும். சத்தமே இல்லாத படைப்பு.

2011இல் கணையப் புற்றுநோய் என்று தெரியவந்தது. 2012 ஜூலை 16 அன்று லண்டனில் காலமானார். அந்த வருடம்தான் கன்செர்ட்டோவின் முதல் ஸ்டுடியோ பதிவு வெளிவந்தது. ராயல் லிவர்பூல் ஃபில்ஹார்மானிக் வாசிக்க, பால் மான் நடத்தியது. 2016இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர்ந்தது.

நேரம் இல்லாதவர்களுக்கு

ஒரே வாரம்தான் இருக்கிறது என்றால் இப்படிச் செய்யுங்கள். திங்கள், செவ்வாய் முதல் படியின் பயிற்சிகள் மட்டும். டச்சை அணைத்து, சஸ்டெயின் இல்லாமல். புதன் 'ஆர்ட் கேலரி'. வியாழன் 'மெஷின் ஹெட்', ஆர்கன் வரும் இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு. வெள்ளி 'மேட் இன் ஜப்பான்', ஹெட்போனில். சனிக்கிழமை 'சாரபாண்ட்'. ஞாயிறு 1969 கன்செர்ட்டோவின் முதல் பகுதியையும் 2012 பதிவின் முதல் பகுதியையும் அடுத்தடுத்து வைத்து, ஆர்கன் நுழையும் ஒவ்வொரு இடத்தையும் இரண்டிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். கையில் பேனா இருக்கட்டும்.